உப்புநீரின் ஒப்படர்த்தியும் மரக்காணம் உப்பளங்களும்

ஒரு குறிப்பிட்ட கன அளவுள்ள பொருளின் எடை, அதே கன அளவுள்ள தூய நீரின் எடையைப் போல் எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் எண் ஒப்படர்த்தி எனப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை ஒப்படர்த்தி என்றும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சாரடர்த்தி, தன்னீர்ப்பு என்றும் வழங்குகின்றன. இரண்டு எடைகளின் விகிதம் என்பதால் இதற்கு அலகு இல்லை. தூய நீரின் ஒப்படர்த்தி 1. நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 0.92, மண்ணெண்ணெய்க்கு 0.8, பசும்பாலுக்கு 1.03, தேனுக்கு 1.4, பாதரசத்துக்கு 13.6. பள்ளிப் பாடத்தில் இது ஒரு சிறிய தலைப்பு. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் போன்ற உப்பளக் கரைகளிலோ ஓர் ஆண்டின் விளைச்சலே இந்த எண்ணைப் பொறுத்திருக்கிறது. அங்கே அதன் பெயர் 'டிகிரி'.

மரக்காணம் கரை

மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர். புதுச்சேரியிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஊரின் தென்புறம் கழுவேலி என்னும் உவர்நீர் ஏரி பரந்து கிடக்கிறது. கடலோரத்து உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்து வைத்துப் பேசப்படுவது இது. மழைக்காலத்தில் சுற்றுவட்டாரத்து ஏரிகளின் உபரிநீர் வந்து நிறைவதால் கழுவேலி ஏறக்குறைய நன்னீராகிறது. கோடையில் கழிமுகம் வழியே வரும் கடல்நீராலும் வெயிலாலும் உவர்ப்பு ஏறி, பல இடங்களில் வற்றியும் போகிறது. 2021 டிசம்பரில் கழுவேலி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்றாக வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். செங்கடல் வழிப் பயண நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் சோபட்மா என்ற துறைமுகத்தையும் சிலர் இவ்வூருடன் பொருத்திக் காட்டுகின்றனர். ஊரிலுள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்து மக்கள் உப்பு விளைவித்ததும், உமணர் என்னும் வணிகர் அதை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றியதும் பல இடங்களில் வருகின்றன. உப்பு விளையும் நிலத்துக்கு 'அளம்' என்று பெயர். உப்பளம் என்ற சொல்லில் அது இன்றும் வாழ்கிறது.

பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் மரக்காணம் தென்னார்க்காடு மாவட்டத்தின் திண்டிவனம் வட்டத்தில் இருந்தது. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி முனையும் இதுவே. 1806-இல் சென்னைக்கு வடக்கே சிறு கால்வாயாகத் தொடங்கிய இந்த நீர்வழி, பின்னர் இருபுறமும் நீண்டது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878-இல் கால்வாய்க்கு வந்தது. கடற்கரை அளங்களின் உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போன வழி இது. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்து தமிழ்நாட்டில் பெரிய உப்பளப் பரப்பாக மரக்காணம் இன்றும் எண்ணப்படுகிறது.

ஒரே எண் ஏன் போதுமானது

கடல்நீரில் ஒரே ஓர் உப்பு மட்டும் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு சுமார் 27 கிராம். மீதியில் மெக்னீசியம் குளோரைடு, மெக்னீசியம் சல்பேட், ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட், பொட்டாசியம் உப்புகள், சிறிதளவு சுண்ணாம்பு ஆகியவை அடங்கும். இத்தனையும் கலந்த நீரில் எது எவ்வளவு இருக்கிறது என்று அறிய வேதியியல் கூடம் தேவை. உப்பளத்துக்காரரிடம் இருப்பதோ நீரில் மிதக்கும் ஒரு கண்ணாடிக் குழாய் மட்டும். அது எப்படிப் போதுமானதாகிறது?

விடை கடலின் இயல்பில் இருக்கிறது. உலகக் கடல்களின் நீரில் உப்புகளின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம். அவற்றுக்கு இடையேயான விகிதம் மட்டும் ஏறக்குறைய மாறுவதில்லை. சேலஞ்சர் கப்பல் உலகைச் சுற்றிக் கொண்டுவந்த 77 நீர் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்து வில்லியம் டிட்மார் 1884-இல் வெளியிட்ட முடிவுகள் இதை உறுதிப்படுத்தின. விகிதம் மாறாது என்றால், நீர் எவ்வளவு செறிவாகியிருக்கிறது என்ற ஒரே செய்தி போதும். மற்றவை தாமே தெரிந்துவிடும். அந்தச் செய்தியை ஒப்படர்த்தி தருகிறது.

ஆனால் இது கடல்நீருக்குப் பொருந்தும் விதி. மழைக்குப் பின் கழியில் நிற்கும் கலப்பு நீருக்கும், தூத்துக்குடி, வேதாரண்யம் பகுதிகளில் கிணறு வெட்டி எடுக்கும் நிலத்தடி உவர்நீருக்கும் அப்படியே பொருந்தாது. நிலத்தடி உவர்நீரில் உப்புகளின் விகிதம் மாறுபடுவதால், அங்கே நூலில் உள்ள எல்லைகள் கொஞ்சம் முன்பின்னாக நகரும். ஓர் அளத்தில் பழகிய கை இன்னோர் அளத்தில் முதல் பருவத்தில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த உப்பு எந்தச் செறிவில் படிகிறது என்பதை முதலில் ஒழுங்காக அளந்து எழுதியவர் யூசிலியோ என்ற வேதியியலாளர். 1849-இல் பிரான்சின் செத் துறைமுகத்துக்கு அருகே எடுத்த மத்தியதரைக் கடல்நீரை அவர் படிப்படியாக ஆவியாக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சிய நீரின் கன அளவையும் அடர்த்தியையும், அடியில் படிந்த பொருளையும் குறித்துக்கொண்டே போனார். முதலில் சுண்ணாம்பு படிந்தது. நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் அளவில் ஜிப்சம் படியத் தொடங்கியது. பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்து, ஒப்படர்த்தி 1.21-ஐத் தாண்டியபோதுதான் சமையல் உப்பு இறங்கியது. அதற்குள் ஜிப்சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளியேறிவிட்டிருந்தது. மெக்னீசிய உப்புகள் கடைசிவரை நீரிலேயே தங்கின. உப்பளத்தின் அமைப்பு முழுவதும் இந்த வரிசையை நம்பியே இருக்கிறது.

பாமேயின் அளவுகோல்

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீர்மத்தை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீசின் விதி. ஆகவே ஒரே குழாய் அடர்ந்த நீரில் மேலே எழும்பும், அடர்த்தி குறைந்த நீரில் ஆழ அமிழும். இதை அளவுகருவியாக்கும் எண்ணம் பழையது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சினேசியஸ் என்பவர் அலெக்சாந்திரியாவின் ஹைப்பேசியாவுக்கு எழுதிய கடிதத்தில் இத்தகைய கருவி ஒன்றைச் செய்து தரும்படி கேட்கிறார். பதினொன்றாம் நூற்றாண்டில் அல்பிரூனி உலோகங்கள், மணிக்கற்கள் ஆகியவற்றின் ஒப்படர்த்தியை அளந்தார். 1121-இல் அல்காசினி தம் 'ஞானத் தராசு' நூலில் திடப்பொருள்களோடு நீர்மங்களுக்கும் அட்டவணை தந்தார்.

உப்பளத்துக்கு வந்து சேர்ந்தது 1768-இல் பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் பாமே உருவாக்கிய நீர்மமானி. அவர் தம் அளவுகோலை வகுத்த விதம் உப்பளத்துக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. கருவியைத் தூய நீரில் மிதக்கவிட்டு நீர்மட்டம் தொட்ட இடத்தில் 0 என்று குறித்தார். பிறகு 15 பங்கு சமையல் உப்பை 85 பங்கு நீரில் கரைத்து, அதில் மிதக்கவிட்டு, நீர்மட்டம் தொட்ட இடத்தில் 15 என்று குறித்தார். இடைப்பட்ட தண்டைப் பதினைந்து சமப் பங்குகளாகப் பிரித்து, அதே இடைவெளியில் கீழேயும் தொடர்ந்து கோடிட்டார். அவர் கையிலிருந்த மருந்துக் கடையின் தேவைக்காக, எந்தக் கடையிலும் கிடைக்கும் உப்பைக்கொண்டு செய்த அளவுகோல் இது. அமிலங்களுக்கும் பாகுகளுக்கும் இதே கோல் பயன்பட்டது. அவற்றுக்கு இதன் எண்கள் எந்த விழுக்காட்டையும் குறிப்பதில்லை. உப்புநீருக்கு மட்டும் தொடக்கப் பகுதியில் டிகிரியும் உப்பு விழுக்காடும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன.

பாமே டிகிரியிலிருந்து ஒப்படர்த்தியைக் கணக்கிட 145-ஐ, 145-இலிருந்து டிகிரியைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். இந்த 145 எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் குழம்புவதுண்டு. தூய நீரில் அமிழ்ந்திருக்கும் கருவியின் கன அளவு, தண்டின் ஒரு டிகிரிப் பகுதியின் கன அளவைப் போல் ஏறத்தாழ 145 மடங்கு என்பதே அதன் பொருள். உப்புநீரில் கருவி 25 டிகிரி மேலே எழும்பினால், அமிழ்ந்திருப்பது 120 பங்கு. எடை மாறவில்லை, விலக்கிய கன அளவு மட்டும் 145-இலிருந்து 120 ஆகிவிட்டது. எனவே நீரின் ஒப்படர்த்தி 145-ஐ 120-ஆல் வகுத்தால் வரும் 1.208. இதே கணக்கில் கடல்நீரின் 3.5 டிகிரி 1.025-க்கும், 10 டிகிரி 1.074-க்கும், 29 டிகிரி 1.25-க்கும் சமம்.

வெப்பநிலை இதில் ஒரு பொறி. இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 60 பாரன்ஹீட், அதாவது 15.6 செல்சியசுக்கு அளவிடப்பட்டவை. மே மாதப் பாத்தியில் நீர் அதைவிட 20 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக இருக்கும். சூடான நீர் விரிவதால் அடர்த்தி குறைந்து, கருவி உண்மையைவிட ஏறக்குறைய ஒரு பாமே டிகிரி குறைத்துக் காட்டும். காலையில் பார்த்த எண்ணும் உச்சிவெயிலில் பார்த்த எண்ணும் ஒத்துப்போகாததைக் கருவியின் பழுது என்று நினைத்துவிடக் கூடாது.

கருவி இல்லாத வீட்டிலும் ஒப்படர்த்தியை அளக்க முடியும். மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியும் சமையலறைத் தராசும் போதும். புட்டி மட்டும் 40 கிராம், தண்ணீர் நிறைத்தால் 540 கிராம், உப்புநீர் நிறைத்தால் 640 கிராம் என்று வைத்துக்கொண்டால், 600-ஐ 500-ஆல் வகுத்து 1.2 என்று கண்டுகொள்ளலாம். குமிழி இல்லாமல் விளிம்புவரை நிறைப்பதில்தான் கவனம் வேண்டும். இந்த 1.2 என்பது, தண்ணீரில் இனி உப்பே கரையாது என்ற நிலையில் உள்ள கரைசலின் ஒப்படர்த்தியும் ஆகும்.

பாத்தியில் நடப்பது

உப்பளம் என்பது ஒரே குளம் அல்ல; நீர் படிப்படியாக இறங்கி வரும் குளங்களின் தொடர். கழியிலிருந்து ஏற்றிய நீர் முதலில் பெரிய தேக்கங்களில் நிற்கிறது. முற்காலத்தில் ஏற்றமும் இறைகூடையும் செய்த இவ்வேலையை இப்போது மோட்டார்கள் செய்கின்றன. வண்டலும் சுண்ணாம்பும் தேக்கங்களில் அடங்குகின்றன. அடுத்து வரும் ஆவியாக்கும் பாத்திகளில் நீர் 10 டிகிரியைக் கடந்து மேலே ஏறுகிறது. 13 முதல் 16 டிகிரிக்குள் ஜிப்சம் ஊசி ஊசியாகப் படியத் தொடங்குகிறது. 25 டிகிரியை எட்டிய பிறகே நீர் கடைசிப் பாத்திகளுக்குத் திறந்துவிடப்படுகிறது. அந்தப் பாத்திகளின் களிமண் தரை காலால் மிதித்து இறுக்கப்பட்டது. பருவத் தொடக்கத்தில் நாள்கணக்கில் நடக்கும் இந்த மிதிப்பு வேலை சரியில்லை என்றால் அடர்ந்த நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், வாரும்போது உப்பில் சேறும் ஏறும்.

25 டிகிரிக்கு முன் திறந்துவிட்டால் ஜிப்சம் உப்போடு சேர்ந்து படியும். 29 அல்லது 30 டிகிரியைத் தாண்டியும் நீரை விட்டுவைத்தால் மெக்னீசியம் உப்பில் ஒட்டும். ஒப்படர்த்தியில் சொன்னால் 1.21-க்கும் 1.25-க்கும் இடையே உள்ள குறுகிய இடைவெளி இது. கடல்நீரிலிருந்த சமையல் உப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த இடைவெளிக்குள் படிந்துவிடுகிறது. எஞ்சிய கசப்பு நீரில் இன்னும் உப்பு இருக்கிறது. அதையும் எடுத்துவிடலாம் என்ற ஆசையில்தான் பல அளங்களின் உப்பு தரம் கெட்டது. நீரை வெளியேற்றுவது நட்டம்போலத் தெரியும், வைத்திருப்பதே உண்மையான நட்டம்.

அதன் விளைவைப் பழைய சமையலறைகள் நன்கு அறியும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியின் அடியில் நீர் தேங்கி நிற்கும். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர்விடத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடற்கரைக் காற்று அவ்வளவு வறண்டு போவது அரிது. ஆகவே கசப்பு நீர் ஒட்டிய உப்பு எந்தப் பருவத்திலும் கசிந்துகொண்டே இருக்கும். அம்பாரமாகக் குவித்து வைத்து வடியவிடுவதன் பயன் இதுதான்: உப்புக் கல்லின் மேல் ஒட்டிய மெக்னீசிய நீர் முதலில் கசிந்து கீழே போகிறது, கல் தங்குகிறது. உணவு உப்பில் குறைந்தது 96 விழுக்காடு சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்ற இந்தியத் தர அளவை எட்ட முடிவதும் முடியாததும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில், அதாவது டிகிரி பார்த்து நீரை வெளியேற்றுவதிலும் பொறுமையாக வடியவிடுவதிலும், தீர்மானமாகிவிடுகிறது.

டிகிரி ஏற ஏற நீரின் நிறமும் மாறும். 25 டிகிரிக்கு மேல் டுனாலியெல்லா என்ற பாசியும் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் பெருகி நீர் இளஞ்சிவப்பாகிறது. இருண்ட நீர் வெயிலை அதிகம் உறிஞ்சிச் சூடாவதால் ஆவியாதலுக்கு இது துணை செய்கிறது. ஆயினும் செறிந்த நீர் எளிதில் ஆவியாவதில்லை. நிறைவுற்ற உப்புநீரின் ஆவி அழுத்தம் தூய நீரினுடையதில் முக்கால் பங்குதான். நீர் கெட்டிப்படும்தோறும் வேலை மெதுவாகிறது. ஒரு டன் உப்புக்குக் குறைந்தது 37 கன மீட்டர் கடல்நீர் வேண்டும் என்பது ஏட்டுக்கணக்கு. கசப்பு நீரோடு போவதையும் மண் குடிப்பதையும் சேர்த்தால் 50 கன மீட்டருக்கும் மேலே போகும்.

எடைக்கு வரி

இந்தக் கரையின் உப்பு மீது அரசு காட்டிய அக்கறை வேறு வகையானது. கிழக்கிந்தியக் கம்பெனி 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. உப்பு விளைவித்தவர்கள் அதைக் கம்பெனிக்கு மட்டுமே தர வேண்டும். அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்த தொகை குடிவாரம் எனப்பட்டது. கம்பெனி அதைப் பல மடங்கு விலைக்கு விற்றது.

மரக்காணத்துக்குத் தெற்கே சில மைல்களில் பிரெஞ்சு ஆட்சிப் பகுதி தொடங்கியதால் இந்த ஏகபோகத்துக்கு அங்கே ஓர் ஓட்டை இருந்தது. புதுச்சேரியில் விளையும் மலிவான உப்பு எல்லை தாண்டி வரும் அல்லவா? 1815-இல் லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி பிரெஞ்சுப் பகுதிகளின் தேவைக்கு மிஞ்சிய உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்குப் போனது. 1818-இல் இன்னொரு உடன்படிக்கை வந்தது. பிரெஞ்சுப் பகுதிகளில் உப்பு விளைவிப்பது நிறுத்தப்பட்டது. அள உரிமையாளர்களுக்கு ஆண்டுக்கு 4,000 பகோடா இழப்பீடு தரப்பட்டது. புதுச்சேரி நகரில் உப்பளம் என்ற பெயருள்ள பகுதி இன்றும் இருக்கிறது. பாமேயின் நாட்டவர் ஆண்ட மண்ணில், பாமேயின் அளவுகோலுக்கு அதன்பின் வெகுகாலம் வேலை இல்லாமல் போனது வரலாற்றின் ஒரு வேடிக்கை.

1876-இன் உப்பு ஆணைக்குழுவைத் தொடர்ந்து, 1880-களில் சென்னை மாகாணத்தின் பல அளங்களில் எக்சைஸ் முறை வந்தது. உரிமம் பெற்றவர் உப்பை விளைவித்து, வரி கட்டிவிட்டு விற்கலாம். 1889-இன் சென்னை உப்புச் சட்டம் உரிமமில்லா உற்பத்தியைக் குற்றமாக்கியது. சதுப்பில் தானாக விளைந்த உப்பை மக்கள் அள்ளிவிடாமல் அழிப்பதற்கென்றே ஆட்கள் வைக்கப்பட்டனர். உப்பும் சாராயமும் ஒரே துறையின் பொறுப்பில் இருந்தன. அந்தத் துறையின் சாராயப் பிரிவு நீர்மமானியை நன்கு அறிந்திருந்தது. சைக்சு என்பவரின் நீர்மமானி காட்டும் வீரியத்தின்படியே சாராயத்துக்கு வரி. உப்புக்கோ மணங்குக்கு இவ்வளவு என்று எடைமேல்தான் வரி. ஜிப்சமும் மெக்னீசியமும் மண்ணும் கலந்த உப்புக்கும் நல்ல உப்புக்கும் ஒரே வரி என்றால், தரத்தைப் பார்த்து நீரை வெளியேற்றுபவருக்கு என்ன ஆதாயம்? வரி விலையைவிடப் பெரிதாக இருந்த காலத்தில் டிகிரி பார்ப்பது வீண் நுணுக்கமாகவே பலருக்குத் தோன்றியிருக்கும்.

சர்ஜன் ராட்டன் என்ற இராணுவ மருத்துவர் 1870-களில் உப்பைப் பற்றிய கையேடு ஒன்றைச் சென்னையில் வெளியிட்டார். உப்பு விளைவிப்பது ஓர் அறிவியல் தொழில் என்ற எண்ணம் அப்போதே இங்கே இருந்தது என்பதற்கு அது சான்று. அந்த அறிவு பாத்திவரை போய்ச் சேரவில்லை. அதே காலத்தில் வங்காளச் சந்தையில் வெயிலில் விளைந்த உப்பைவிடக் காய்ச்சிய வெண்ணிற லிவர்பூல் உப்பே விரும்பப்பட்டது. ஆங்கிலேய வணிகச் சலுகைகள் அதற்கு முதன்மைக் காரணம்; கசியாத, வெண்மையான உப்பு என்ற தர வேறுபாடும் ஒரு காரணம்.

அளவை முறையும் ஒரு சிக்கல். பழைய தமிழ் முகத்தலளவையில் 400 மரக்கால் ஒரு கரிசை. இது கன அளவு. உப்புக் கல் ஒன்றின் ஒப்படர்த்தி 2.16, ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காற்று இருப்பதால் படியில் அளந்த உப்பு அதில் பாதி அளவுக்கே கனக்கும். பொரபொரப்பான, சிறு கல் உப்பு படியை நிரப்பும், தராசில் ஏமாற்றும். ஈர உப்பு தராசில் ஏமாற்றும், காய்ந்தபின் குறையும். உப்புத் துறை கரிசையை 120 மணங்கு என்று எடையாக வகுத்துக்கொண்டதன் பின்னால் இந்தத் தொல்லை இருக்கிறது.

1923-இல் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரி இரண்டரை ரூபாயாக்கப்பட்டு, எதிர்ப்பால் அடுத்த ஆண்டே பழைய நிலைக்கு வந்தது. அப்போதைய மணங்கு ஏறத்தாழ 37 கிலோகிராம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்பு எடுத்துச் சட்டத்தை மீறினர். 1931 மார்ச் மாதத்துக் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கடலோர ஊர் மக்கள் தம் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ள இடம் தந்தது. 1947 ஏப்ரல் 1 முதல் உப்பு வரி நீங்கியது. 1954-இல் பாவ்நகரில் மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. உப்பை எடையாக மட்டுமல்லாமல் வேதிப்பொருளாகவும் அரசு பார்க்கத் தொடங்கியது அதற்குப் பின்புதான் என்று சொல்லலாம்.

முட்டையும் விதைநெல்லும்

நீர்மமானி இல்லாத காலத்தில் உலகின் பல உப்பு வயல்களில் முட்டையே நீர்மமானி. புது முட்டையின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.08 அல்லது 1.09. அது கடல்நீரிலும் அமிழும். நீர் பாமே கணக்கில் 12 டிகிரியை நெருங்கும்போது மிதக்கும். ஆனால் முட்டை ஓட்டின் துளைகள் வழியே நாளுக்கு நாள் ஈரம் போய்க் காற்றறை பெரிதாகிறது; பழைய முட்டை சாதாரணத் தண்ணீரிலேயே மிதந்துவிடும். முட்டை கெட்டதா என்று பார்ப்பதும் இதே சோதனைதான். எந்தப் பொருள் மாறாது என்று நம்பி அளக்கிறோமோ அதுவே மாறிக்கொண்டிருப்பதால், முட்டை தோராயத்துக்கு மட்டுமே உதவும். மேலும் அது ஓர் எல்லையைத்தான் காட்டும். 12 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் அதற்கு வேறுபாடு தெரியாது.

உழவர்களிடம் இந்தச் சோதனை இன்னும் உயிரோடு இருக்கிறது. வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டு, அது எழும்பி இருபத்தைந்து பைசா நாணய அளவுக்கு மேல்முகம் தெரியும்வரை உப்பைக் கரைக்கிறார்கள். பிறகு அதில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும், முற்றிய மணி அடியில் தங்கும். தங்கிய விதையை நல்ல தண்ணீரில் கழுவியே விதைக்க வேண்டும், இல்லையெனில் உப்பு முளைப்பைக் கெடுக்கும். ஜப்பானில் யோகோய் டோகியோஷி 1882-இல் பரப்பிய உப்புநீர் விதைத் தேர்வில் நெல்லுக்கு 1.13 என்ற ஒப்படர்த்தி வகுக்கப்பட்டது. மரக்காணத்துப் பாத்திகளில் ஜிப்சம் படியும் நீரின் அடர்த்தி ஏறத்தாழ இதுவே. பால் கொள்முதல் நிலையத்துப் பால்மானியும், வாகன மின்கலத்தின் அமிலத்தைப் பார்க்கும் உறிஞ்சுகுழல் நீர்மமானியும் இதே குடும்பம். மின்னேற்றம் நிறைந்த ஈய-அமில மின்கலத்தில் அது 1.26 முதல் 1.28 வரை காட்டும். பால்மானி மட்டும் எளிதில் ஏமாறக்கூடியது. கொழுப்பு நீரைவிட இலேசானது. ஏட்டை எடுத்தால் பாலின் அடர்த்தி ஏறும், பிறகு தண்ணீர் கலந்தால் பழைய எண்ணுக்கே இறங்கிவிடும்.

மழை

மரக்காணத்தில் உப்புப் பருவம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வரும் முன் முடிகிறது. 3 டிகிரி நீரை 25-க்குக் கொண்டுவர வாரங்கள் வேண்டும்; கீழே இறக்க ஒரு கோடைமழை போதும். பாத்தியில் ஓரங்குல ஆழத்தில் நிற்கும் நிறைவுற்ற நீரில் ஓரங்குல மழை பெய்தால், படிந்த உப்பும் கரைந்து, மிதித்து இறுக்கிய தரையும் இளகிவிடும். மழைநீர் இலேசானது என்பதால் உடனே கலக்காமல் மேலே ஓர் அடுக்காக நிற்பதுண்டு. அந்தச் சிறு அவகாசத்தில் மதகைத் திறந்து மேல்நீரை மட்டும் வழியவிட்டு, கீழேயுள்ள கெட்டி நீரைக் காப்பாற்றுவது அனுபவமுள்ளவர்கள் செய்யும் வேலை. காற்று எழுந்து நீரைக் கலக்கிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

மழைத் துளி விழுந்த நாளில் பாத்தி வேலைக்காரருக்குக் கூலி இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அளங்களில் வேலையே இராது. அந்த மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கிவருகிறது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் நீருக்குள் போயின. இத்தகைய ஆண்டுகளில் பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் வேலை வழக்கத்தைவிட நீள்கிறது. முதலில் நன்னீர் வடிய வேண்டும். பின் வண்டலை வாரி, உடைந்த வரப்புகளைக் கட்டி, தரையை மீண்டும் மிதிக்க வேண்டும். கழியில் நீர் அப்போது 1 டிகிரிக்கும் கீழே நிற்கும்; கடல் உள்ளே வந்து அது 3-ஐத் தொட்ட பிறகே மோட்டார்கள் ஓடத் தொடங்கும்.